சிலிக்கு இன்னும் ஒரு இடம்

"சிலி வேண்டாமே," என்று மூன்றாவது முறையாகச் சொன்னேன்.

மாரிட் டாலெஃப்சன் கோட்டின் ஜிப்பைக் கழுத்து வரை ஏற்றினாள். இறக்கினாள். மறுபடி ஏற்றினாள். அவள் பூட்ஸிலிருந்து உருகிய பனி என் அறை விரிப்பில் ஈரமாகப் பரவிக்கொண்டிருந்தது.

மணி மூன்று பத்து. வெளிநாட்டில் ஒரு பருவம் படிக்க விண்ணப்பிப்பதற்கு அன்று நாலு மணியோடு கெடு முடிகிறது. சிலியில் எங்கள் கல்லூரிக்கு இரண்டே இடம். ஒன்று போய்விட்டது.

"ஏன் வேண்டாங்கறீங்க, டோரீன்? ஒரு காரணம் சொல்லுங்க."

எந்தப் பருவத்தில் எந்தப் பாடம், எந்த நாடு என்று மாணவர்களுக்கு வழி சொல்வது என் வேலை. மின்னசோட்டாவின் இந்தக் குளிரில் பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறேன். காரணங்களுக்கா பஞ்சம்?

கரிம வேதியியல் விட்டுப்போகும் என்றேன். போன கோடையிலேயே முடித்துவிட்டாளாம்.

நிலநடுக்கம் வருகிற ஊர் என்றேன். இங்கே மட்டும் சூறாவளி வரவில்லையா என்றாள்.

அங்கே ஸ்பானிஷ் ரொம்ப வேகம், பாதி வார்த்தையை விழுங்கிவிடுவார்கள் என்றேன். இரண்டு வருடமாக அந்த ஊர் வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம்.

ஹங்கேரி, போர்ச்சுகல் என்று கையேடுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அவள் தொடக்கூட இல்லை. எழுந்து ஜன்னல் வரை போனாள். திரும்பி வந்தாள். உட்காரவில்லை.

"எங்க போனாலும் மொதல்ல என்ன கேக்கறாங்க தெரியுமா? இங்கிரிட் எங்கன்னு. லைப்ரரில, கேண்டீன்ல, சர்ச்ல. நேத்து பல் டாக்டர்கூட கேட்டார், என் வாய்க்குள்ள கைய வெச்சுக்கிட்டு. நான் எப்படிப் பதில் சொல்றது?"

இங்கிரிட் அவளோடு பிறந்தவள். இரட்டையில் ஏழு நிமிடம் மூத்தவள். இருவருக்கும் ஒரே அறை, ஒரே பாடம், ஒரே ஹாக்கி அணி.

"அவ மேல கோவமெல்லாம் இல்ல. நாலு மாசம், அந்தக் கேள்விய யாரும் கேக்காத எடத்துல இருக்கணும். முன்னாடியே தெரிஞ்சா அவளும் கெளம்பிடுவா. அதான் கடைசி நாள் வரைக்கும் வாயத் தொறக்கல."

நான் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன். கழற்றுவதும் மாட்டுவதுமாக. அவளைப் பார்க்க முடியவில்லை.

"யோசிக்க என்ன இருக்கு? என் விண்ணப்பத்த அனுப்பற பட்டனை அமுக்குங்க," என்றாள்.

மூன்று நாற்பது.

"காப்பி எடுத்துட்டு வரேன். உனக்கு?"

"வேண்டாம். சீக்கிரம் வாங்க."

தண்ணீர் பிடிக்கப் போனால்கூட என் கணினித் திரையைப் பூட்டிவிட்டுத்தான் போவேன். அன்று பூட்டவில்லை. அவள் பக்கமாகக் கொஞ்சம் திருப்பியும் வைத்தேன். தெரிந்தேதான் செய்தேன்.

திரையில் சிலியின் முதல் இடத்துக்கான விண்ணப்பம் திறந்திருந்தது. பெயர், இங்கிரிட் டாலெஃப்சன். இந்த நாட்டை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற கட்டத்தில் ஒரே ஒரு வரி.

‘என் தங்கை இல்லாத இடத்தில் நான் எப்படி இருப்பேன் என்று பார்க்க வேண்டும்.’

திங்கட்கிழமை அதே அறையில், அதே முகத்தோடு உட்கார்ந்து அவள் அதை நிரப்பினாள். மாரிட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டுதான் போனாள்.

ஒரு மாணவரின் விஷயத்தை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது. பெற்றவர்கள் கேட்டாலும் கூடாது. சொன்னது தெரிந்தால் என் வேலை போகும். சொல்லாவிட்டால், கோடையில் ஒரே அறைக்குள் இருவரும் ஒரே விமானத்தின் சீட்டை ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒளித்துவைத்திருப்பார்கள்.

தாழ்வாரத்து இயந்திரத்தின் முன்னால் நின்றேன். கோப்பை நிறைந்து கையில் வழிந்த பிறகுதான் சுட்டது தெரிந்தது. ஆறு நிமிடம் கழித்துத் திரும்பினேன்.

மாரிட் உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. தனக்கு மட்டும்தான் மூச்சு முட்டுகிறது என்று இத்தனை நாள் நம்பியிருந்தவளின் முகம் அது.

நான் திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"நான் போகல," என்றாள்.

"சிலிக்கா? சரி, வேற எங்க?"

"எங்கயும் இல்ல. இங்கயே இருக்கேன்."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. இங்கிரிட் கிளம்பிவிட்டால் இந்த ஊர் முழுவதும், நாலு மாதம், மாரிட்டுக்குத்தான். யாராவது அந்தக் கேள்வியைக் கேட்டால்கூட, சிலியில் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்.

நாலு மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. நான் எதையும் அமுக்கவில்லை. இரண்டாவது இடம் காலியாகவே மூடப்பட்டது.

கையுறையை மாட்டிக்கொண்டே அவள் கதவருகில் நின்றாள்.

"நான் இன்னைக்கு வந்தத இங்கிரிட்கிட்ட சொல்லிடாதீங்க. அவ சந்தோஷமா போகட்டும்."

"ஒருத்தர் விஷயத்த இன்னொருத்தர்கிட்ட நாங்க சொல்றதில்ல," என்றேன். எத்தனையோ பேரிடம் சொன்ன வாக்கியம்தான். அன்று திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"தெரியும், டோரீன்," என்றாள்.