கட்டைவிரல் பள்ளம்

கதவு வழவழவென்று இருந்தது.

அவள் இன்னொரு முறை தடவிப் பார்த்தாள். ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவு. கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே. அங்கே ஒரு பள்ளம் இருக்க வேண்டும்.

இல்லை.

டிங்கர் சவரிமுத்து பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றான். எட்டு மாதமாக இந்தப் பழைய இத்தாலிக்கார பியட்டைத் தன் பொன்மலைக் கொட்டகையில் வைத்து உயிர் கொடுத்து, இன்று அவள் வீட்டு வாசலுக்கு ஓட்டி வந்தவன். பேசியது துரு எடுப்பதும் பெயின்ட் அடிப்பதும் மட்டும்தான். பள்ளம் எடுத்தது அவனாகக் கொடுத்த பரிசு. பட்டி பூசி மறைக்கவில்லையாம். நேற்று முழுக்க உள்ளிருந்து தட்டித் தட்டியே சமன் செய்தானாம்.

"இதுக்கு ஒண்ணும் வேணாம்க்கா. சாருக்காகச் செஞ்சது."

அவள் நன்றி சொன்னாள். மனதாரத்தான் சொன்னாள். குரல்தான் இறங்கிவிட்டது.

செய்ய வேண்டியதையெல்லாம் எழுதிக் கொடுத்தவள், செய்யக் கூடாத ஒன்றைச் சொல்ல மறந்திருந்தாள்.

கையில் இருந்ததற்குள் முடிக்க அவள் படாத பாடில்லை. இருக்கை உறைகளை அவளே ரெக்சின் வாங்கித் தைத்தாள். பம்பருக்குப் புது முலாம் கட்டுப்படியாகவில்லை. வெள்ளிக் குத்துவிளக்கைத் தேய்ப்பதுபோல் விபூதி போட்டுத் தேய்த்தாள். கண்ணாடியைச் சுற்றிய ரப்பர் ஏதோ ஒரு பள்ளி வேனில் இருந்து கழற்றியது. முன்விளக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது. ஒன்று வெள்ளை, ஒன்று பழுப்பு.

அது அவருக்குத் தெரியப்போவதில்லை.

அவள் கணவருக்குக் கண் போய் நாலு வருடம்.

எட்டு மாதத்துக்கு முன் இந்த வண்டி வீட்டை விட்டுப் போன அதே வாரத்தில்தான் அவருக்குக் கடைசி ஆபரேஷன். வண்டியை விற்றுத்தான் அவள் ஆஸ்பத்திரிக்குக் கட்டினாள் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். பழுதுபார்க்கக் கொடுத்திருக்கிறேன் என்று அவள் எத்தனை தரம் சொன்னாலும் சிரிப்பார். கோபமில்லாத சிரிப்பு. எனக்காக எவ்வளவோ செய்தாய், இதையும் செய்தாய் என்று அவள் கையைப் பிடித்துக்கொள்வார்.

விற்காத வண்டிக்கு எட்டு மாதமாக நன்றி வாங்கிக்கொண்டிருந்தாள்.

வண்டி வரட்டும், அந்தப் பள்ளத்தில் அவர் விரல் படட்டும் என்றுதான் பொறுத்திருந்தாள்.

முப்பது வருடத்துக்கு முன் அவள் ஓட்டப் பழகிய மூன்றாம் நாள் விழுந்த பள்ளம் அது. பின்னால் எடுக்கும்போது கேட் தூணில் இடித்தாள். அவர் அதைச் சரிசெய்ய விடவே இல்லை. தினமும் வண்டி ஏறுமுன் அதில் கட்டைவிரலை ஒரு தரம் வைத்து எடுப்பார். சாமி படத்தைத் தொட்டுக்கொள்கிறவர்களைப்போல.

இப்போது தடியை ஊன்றி வாசற்படி இறங்கி வந்தார்.

மட்கார்டைத் தடவினார். விளக்கின் வளையம். கண்ணாடி ஓரம். கை கதவுக்கு வந்தது. கட்டைவிரல் மட்டும் பிரிந்து முன்னே போனது.

நின்றது.

ஒரு சாண் அந்தப் பக்கம் தேடியது. ஒரு சாண் இந்தப் பக்கம்.

பள்ளம் இருந்த இடமே தெரியாது என்று சவரிமுத்து பெருமையாகச் சொன்னான். அவர் தலையாட்டினார். பொய்யென்று தெரிந்தும், சொல்கிறவன் மனம் நோகக் கூடாது என்று தலையாட்டுவோமே, அப்படி.

பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"அதே மாதிரி தேடிப் பிடிச்சிருக்க. இரவல் வண்டிதானே? யாரோ நல்ல மனுசன் குடுத்திருக்கான். ஒரு கீறல் விழாமத் திருப்பிக் குடுத்துரும்மா."

அவள் அவரைக் கைபிடித்து வாசற்படிக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள்.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. சூடமும் எரிந்து முடிந்தது.

அவள் கதவைத் திறந்தாள். மற்ற கார்களைப்போல் இல்லாமல் எதிர்ப்பக்கமாகத் திறக்கும் கதவு. ஏறி உட்கார்ந்தாள். அவள் வண்டி எடுத்து வருடக்கணக்காகிறது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் ஒரு தரம் இருமி, பிடித்துக்கொண்டது.

திரும்பிப் பார்த்தாள். கேட் தூண் இருந்த இடத்திலேயே இருந்தது.

சவரிமுத்துவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வண்டியைப் பின்னால் எடுத்தாள்.

பழம் மூன்று நசுங்கியது. நாலாவது உருண்டோடி, வாசலில் கிடந்த செருப்புக்குள் போய் உட்கார்ந்தது.

ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்கக் கூடாது என்று, பள்ளம் விழுந்த அன்றைக்கு அவர் தொண்டை வறளக் கத்தியிருந்தார்.

அவள் அந்தப் பக்கமே ஒடித்தாள்.

தகரம் முனகியது.

சவரிமுத்து தலையில் கைவைத்துக்கொண்டான்.

அவள் வண்டியை ஒரு முழம் முன்னால் எடுத்து நிறுத்தி இறங்கினாள். முதலில் சவரிமுத்துவைப் பார்த்துக் கைகூப்பினாள்.

அவர் வந்துகொண்டிருந்தார். தடி படியிலேயே கிடந்தது. கையை முன்னே நீட்டி, எஞ்சின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

கை கதவைத் தொட்டது.

வழவழப்பு. வழவழப்பு.

கட்டைவிரல் உள்ளே விழுந்தது.

அங்கேயே இருந்தது.

"போன தடவை இன்னும் கொஞ்சம் மேல," என்றார்.

சவரிமுத்து பழக்க தோஷத்தில் சுத்தியலைக் கையில் எடுத்திருந்தான். அவர் முகத்தைப் பார்த்தான். சத்தம் வராமல் அதைப் பைக்குள் வைத்து, பையின் வாயை இறுக்கிக் கட்டினான்.