ஈரச் சாக்கு

சித்திரை வெயில் சாய்கிறது. ஜின்னிங் மில் முதலாளியின் தோட்டத்தில் மதுரையிலிருந்து வரும் பஞ்சு வியாபாரிகளுக்கு விருந்து. சமோசா மொறுமொறுக்காவிட்டால் நாளை முதல் வேலை இல்லையென்று சமையல்காரி ஆவுடைத்தாயிடம் முதலாளியம்மா காலையிலேயே சொல்லிவிட்டாள். உச்சிப்பொழுதிலிருந்து அடுப்படியில் வெந்து ஆவுடைத்தாய் பொரித்து வைத்த சமோசாத் தட்டின்மேல், பக்கத்து மல்லிகைக் கூடையையும் சேர்த்து மூடியபடி ஒரு ஈரச் சாக்கு கிடக்கிறது. வெடுக்கென்று உருவுகிறாள். மொட்டுகள் அவிழாமல் விறைப்பாக இருக்கின்றன. சமோசா நனைந்த துணியாய்த் துவள்கிறது. “வாடிரக் கூடாதுன்னு நாந்தான் மூடுனேன் மதினி,” என்று பல்லைக் காட்டுகிறான் பூக்கட்டும் கருத்தப்பாண்டி. “நல்லா மூடுன போ! இதையும் சரமாக் கட்டுலே, வாரவுக கழுத்துல போடுவோம்.” வாசலில் கார் ஹாரன் கேட்கிறது. மறுபடி பொரித்தெடுக்க, அணைந்த அடுப்பில் கருவேலஞ் சுள்ளியைத் திணித்து ஊதுகிறாள். புகைதான் வருகிறது. தோட்டமெங்கும் மல்லிகை மணக்கிறது.