நானூற்றுத் தொண்ணூற்றெட்டு

"நானூத்தித் தொண்ணூத்தெட்டு!"

டீக்கன் ராஸ்கோ மியூஸ் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, காகிதத்தை இரண்டாவது முறையாகப் படித்தார். "கிரெடிட் ஸ்கோர் இவ்வளவு கீழே போகும்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும், சிஸ்டர் வெர்லீன்."

அமெரிக்காவின் மேக்கன் நகரத்து அந்தச் சின்னக் கிறிஸ்தவ சபைக்குச் சொந்தமாக ஒரு கடன் சங்கம் உண்டு. சபையின் மூத்த ஊழியரான, அதாவது டீக்கனான, இவர்தான் அதற்குத் தலைவர். கூட உட்கார்ந்திருந்த சங்க உறுப்பினர் இரண்டு பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தவணை கட்டலைன்னு காரைத் தூக்கிட்டுப் போனாங்களே, அதுல விழுந்த ஸ்கோர் டீக்கன் அது," என்றாள் வெர்லீன். "ஏலத்துல அடிமாட்டு விலைக்கு வித்துட்டு, மிச்சம் ரெண்டாயிரம் டாலரை நீதான் கட்டணும்னு லெட்டர் போட்டுட்டாங்க. கார் போச்சு, கடன் மட்டும் இருக்கு. இதைத் தீர்த்தாத்தான் ஒரு ஓட்டைக் காராவது எனக்குத் தவணைக்குக் கிடைக்கும்."

"பஸ்தான் ஓடுதே?"

"ரெண்டு பஸ் மாறணும். முதியோர் இல்லத்துல காலைல ஏழு மணிக்கு டியூட்டி. இந்த மாசம் மூணு தடவை லேட். இன்னொரு தடவை லேட்டானா வீட்டுலயே இருந்துக்கோன்னுட்டாங்க."

டீக்கன் பெருமூச்சு விட்டார். பெருமூச்சு விடுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"எனக்கு மட்டும் மனசு இல்லையா சிஸ்டர்? ஆனா இது சபையோட பணம். ஸ்கோருங்கறது என்ன? ஒருத்தரோட வாக்குக்கு எவ்வளவு எடைங்கறதுதானே? நானூத்தித் தொண்ணூத்தெட்டு வாங்கினவங்க வாக்கை யாரு நம்புவாங்க?"

கடன் கேட்ட அவள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஜெபம் செய்து நிராகரித்தார்கள் என்பதுதான் விசேஷம்.

வாசலில் அவள் குடையை விரிக்கும்போது டீக்கன் பின்னாலேயே வந்தார்.

"சிஸ்டர், உங்க கராஜ் இப்ப காலிதானே?"

சுருக்கென்றது அவளுக்கு. "காலிதான். உள்ளே விட என்ன இருக்கு?"

"என் புது பிக்கப் வண்டியை அங்க விட்டுக்கட்டுமா? எங்க வீட்டுப் பெக்கான் மரத்துப் பிசின் கொட்டி பெயின்ட் பாழாகுது. மாசம் முப்பது டாலர் தர்றேன். கதவை மட்டும் எப்பவும் சாத்தியே வைங்க."

கோபம் வந்தது. ஆனால் முப்பது டாலர் என்பது அரை மாதத்துப் பஸ் காசு. கோபத்தை விழுங்கிக்கொண்டு தலையாட்டினாள்.

பத்து நாள் கழித்து, சனிக்கிழமை காலை அழைப்பு மணி அடித்தது. வெளியே சிவப்புத் தொப்பி போட்ட ஓர் ஆள். பின்னால் இழுவை வண்டி. பார்த்த உடனே தெரிந்துவிட்டது, ஏப்ரல் மாதம் அவள் காரைத் தூக்கிப்போனவனேதான்.

"மறுபடியும் எதுக்கய்யா வந்தே? இருந்தது ஒண்ணு. அதையும் தூக்கிட்டுப் போயாச்சு!"

அவன் நெளிந்தான். "உங்ககிட்ட வரலை மேடம். வேற ஒரு வண்டியைத் தேடறேன்." கைபேசியில் படத்தைக் காட்டினான். சாம்பல் நிற பிக்கப். பின்பக்கம் சபையின் பெயர் ஒட்டிய ஸ்டிக்கர். "யார் வண்டின்னு சொல்லக் கூடாது. இந்தத் தெருவுலதான் எங்கேயோ இருக்குன்னு தகவல்."

பிசினாம், பெயின்ட்டாம்! வெர்லீனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"உங்க கராஜைக் கொஞ்சம் திறக்கறீங்களா? சாத்தின கதவை நாங்க தொடக் கூடாது. நீங்களா திறந்தா எடுத்துக்கலாம்."

கை எட்டும் தூரத்தில்தான் கராஜ் பொத்தான். ஒரு அமுக்கு அமுக்கினால் கதவு தானாக மேலே ஏறும், தெருவே வேடிக்கை பார்க்கும். அமுக்க ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்?

"இன்னிக்குத் திறக்க முடியாது. திங்கட்கிழமை மத்தியானம் வா."

"வண்டிக்காரர் உங்களுக்குச் சொந்தமா மேடம்?"

"சொந்தமும் இல்லை, சிநேகமும் இல்லை. போய்ட்டு வா."

அவன் போனதும் டீக்கனைக் கைபேசியில் அழைத்தாள்.

"டீக்கன், உங்க பிக்கப்பைத் தேடி ஆள் வந்துட்டுப் போறான்."

"கதவைத் திறந்துட்டீங்களா?" என்று பதறினார் அவர்.

"பயப்படாதீங்க. திங்கட்கிழமை மத்தியானம் வரைக்கும் கதவு திறக்காது. அன்னிக்குக் காலைல முதல் வேலையா பேங்குக்கு நீங்களே போன் பண்ணுங்க. விட்டுப்போன தவணையைக் கடைசியில சேர்த்துக்குங்கன்னு கேளுங்க. தூக்கறதுக்கு முன்னாடி கேட்டா பல பேருக்கு ஒத்துக்கறாங்களாம். நான் வெக்கப்பட்டுக்கிட்டுக் கேக்காம விட்டேன், அதான் இந்தக் கதி. அப்புறம், உள்ளே இருக்கற பைபிள், சாமான் எல்லாத்தையும் இன்னிக்கே வந்து எடுத்துக்குங்க. காரோட போன என் டியூட்டி ஷூவைத் திரும்ப வாங்க நான் அம்பது டாலர் அழுதேன்."

"நாலு மாசமா வேலை இல்லை சிஸ்டர். வீட்டுல அவளுக்கே தெரியாது," என்றார். அந்தக் குரலை அவள் சபையில் கேட்டதே இல்லை. பாவமாக இருந்தது. "உங்க விண்ணப்பத்தைப் புதன்கிழமை மறுபடியும் எடுக்கச் சொல்றேன்..."

"அதையும் இதையும் முடிச்சுப் போடாதீங்க டீக்கன். அது நியாயமா இருந்தா எடுங்க. இப்ப உங்க வண்டியைப் பாருங்க."

"சிஸ்டர்..." தயங்கினார். "சபையில யாருகிட்டயும் இதைச் சொல்லிட மாட்டீங்களே?"

"சொன்னா மட்டும்?" என்றாள் வெர்லீன். "நானூத்தித் தொண்ணூத்தெட்டு வாங்கினவ வாக்கை யாரு டீக்கன் நம்புவாங்க?"