மாப்பிள்ளை வீட்டு மிடுக்கு

“எங்க சிங்கத்தோட ஜோடி சேரணும்னா உங்க பொண்ணுக்கு இடுப்பு எக்ஸ்ரே, கண்ணு, இதயம், எல்லா டெஸ்ட்டும் எடுத்திருக்கணும்.”

நாய்க்கு வரன் பேசும்போதும் அவருக்கு மாப்பிள்ளை வீட்டு மிடுக்குக் குறையவில்லை.

எதிர்வீட்டுக்காரி சளைக்காமல் ரிப்போர்ட்டுகளை நீட்டினாள். எல்லாம் சுத்தம்.

“சிங்கத்துக்கு எடுத்தாச்சா சார்?”

“அவன் பரம்பரைக்கு டெஸ்ட் எதுக்கும்மா?”

அவள் விடவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்தவர், சிங்கத்தோடு நாய் டாக்டரிடம் போனார்.

டாக்டர் சிரித்தார். “இவனுக்கு இடுப்பு எலும்பு சரியில்லைன்னு போன வருஷமே கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சே! நீங்க வெளியூர் போயிருந்தப்ப உங்க வீட்டம்மாதான் கூட்டிட்டு வந்தாங்க.”

வீட்டுக்குள் தாம்தூம் என்று நுழைந்தார். “என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டா விட்டிருப்பீங்களா? பொறக்கிற குட்டியெல்லாம் நொண்டணுமா?”

“அதுக்காக இப்படியா?”

மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

“உங்களுக்கும்தான் இடுப்பு சரியில்லை. அவனோட நிறுத்திக்கிட்டேனேன்னு சந்தோஷப்படுங்க.”