பாட்டிலில் வந்த ஆயில்

வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் ஆயிலை மட்டும் கொஞ்சம் பிடித்து வரும்படி மெக்கானிக் சேக் பரீது போனில் சொல்லியிருந்தார். காமராஜும் எவர்சில்வர் பாட்டிலோடு குஜிலியம்பாறையில் பஸ் ஏறி, திண்டுக்கல் வந்து சேர்ந்தார். அடுத்த வாரம் தாடிக்கொம்பில் மகளுக்குக் காதுகுத்து. அதற்குள் கார் ஓடியாக வேண்டும்.

சேக் பரீது பாட்டிலைத் திறந்து ஒரு தட்டில் ஊற்றினார். முகம் இருண்டது.

"பாத்தீங்களாண்ணே, பால் ஊத்துன மாதிரி வெளுத்துப் போச்சு. இன்ஜினைக் குளுர வைக்கிற கூலன்ட் ஆயில்ல இறங்கிருச்சு."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க, பாய்."

அவர் மோந்து பார்த்தார். "தித்திப்பு வாடை அடிக்குது. கூலன்ட்டேதான். இம்புட்டு நேரமாகியும் சூடு ஆறலைன்னா இன்ஜின் எம்புட்டுக் கொதிச்சிருக்கணும்? ரெண்டும் கலக்காமத் தடுக்குற ஹெட் கேஸ்கெட் போச்சு. இன்ஜினைப் பிரிச்சுத்தான் ஆகணும்."

காதுகுத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று காமராஜ் விரல் விட்டு எண்ணினார். அந்த நேரம் பார்த்து மனைவி கௌசல்யா போனில் அழைத்தாள்.

"ஏங்க, ஆயில் பாட்டிலை இங்கயே வச்சுட்டு, அப்பாவுக்குப் போட்டு வச்ச காபியைத் தூக்கிட்டுப் போயிட்டீங்க."

காமராஜ் மெக்கானிக்கை ஏற இறங்கப் பார்த்தார். போன உயிர் திரும்பி வந்தது. சட்டென்று மாமனார் ஞாபகம் வந்தது.

"அப்ப மாமா எதைக் குடிச்சாரு?"

"ஒரு வாய் வச்சதுமே துப்பிட்டாரு. காலமெல்லாம் ஒட்டன்சத்திரத்துல காய்கறி லாரி ஓட்டுன மனுசனாச்சே. வாயைக் கொப்புளிச்சுட்டு உங்ககிட்ட உடனே சொல்லச் சொன்னாரு."

"என்னன்னு?"

"ஆயில்ல கூலன்ட் கலந்திருக்காம். ஹெட் கேஸ்கெட் போச்சாம்."