கல்யாணராமனின் இடது கண்

பாட்டு முடிந்ததும் கல்யாணராமன் பெண்ணைப் பார்த்துக் கண்ணடித்தான். கூடத்தில் இருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

"டேய்! என் ஆத்துலயே உட்கார்ந்துண்டு என் பொண்ணைப் பார்த்துக் கண்ணடிக்கறயா?" நீரஜாவின் அப்பா எழுந்தே விட்டார்.

"ஐயோ மாமா, அது வியாதி!" கல்யாணராமனின் அம்மா குறுக்கே வந்தாள். "போன மாசம் பொன்னுக்கு வீங்கி வந்தது. கன்னம் வடிஞ்சுடுத்து, இடது இமை மட்டும் தானா விழுந்து விழுந்து எழுந்துக்கறது. போகப் போக சரியாயிடும்னு டாக்டரே சொல்லிட்டார். பாருங்கோ, வீக்கம் வடியட்டும்னு போட்ட என் தங்கச் சங்கிலியைக்கூட இன்னும் கழட்டலை."

அவன் கழுத்தில் அம்மாவின் ரெட்டை வடச் சங்கிலி தொங்கியது.

"எங்க நீரஜாவுக்குந்தான் சின்ன வயசுலயே அது வந்துட்டுப் போச்சு. கண்ணு இப்படியா ஆச்சு?" என்றார் அப்பா.

இந்தக் கண்ணால் கல்யாணராமனுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப் போயிருந்தது. லஸ் டிராமில் ஒரு மாமி குடையாலேயே போட்டாள். ஆனால் இந்தப் பெண்ணை விட்டுவிட அவனுக்கு மனசில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தான். கண் மறுபடி அடித்தது.

"யோசிச்சுச் சொல்லியனுப்பறோம்" என்றார் அப்பா, வாசலைப் பார்த்துக்கொண்டே. "நீரஜா, நமஸ்காரம் பண்ணிட்டு உள்ளே போ."

நீரஜா நமஸ்காரம் பண்ணி எழுந்தாள். தலை நிமிர்ந்து கல்யாணராமனைப் பார்த்தாள். அவளுடைய இடது கண்ணும் பட்டென்று மூடித் திறந்தது.

"ஐயையோ, குழந்தைக்கும் ஒட்டிண்டுடுத்தே!" கல்யாணராமனின் அம்மா பதறிப்போய் மகன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி நீரஜாவின் கழுத்தில் மாட்டினாள்.

"என்ன காரியம் பண்ணினேள் மாமி!" என்று கூவினாள் நீரஜாவின் அத்தை. "பொண்ணு பார்க்க வந்த எடத்துல, உங்க கையால பொண்ணு கழுத்துல பொன் ஏறிடுத்தே! நிச்சயம் பண்ணின மாதிரின்னா ஆச்சு!"

ஏறிய பொன்னைக் கழற்றினால் அபசகுனம் என்று அப்பா பயந்தார். "சரி, ரெண்டு பேருமாச் சேர்ந்து பெரியவாளை நமஸ்காரம் பண்ணுங்கோ" என்றார்.

குனிந்தபோது கல்யாணராமன் கவலையோடு கிசுகிசுத்தான். "என்னால உனக்கும் வந்துடுத்தே. கண்ணு ரொம்பப் படுத்தறதா?"

"எனக்கு ஒண்ணுமில்லே. நான் நெஜமாவே கண்ணடிச்சேன்."