கைக்கு எட்டும் இடம்

ஒரே ஒரு ஊர். அவுஸ்திரேலியாவின் மெல்பேணில் நோபல் பார்க் என்று அதற்குப் பேர். அந்த ஊரில் வரதராஜா என்று ஒரு நல்ல மனிதர் இருந்தார். அப்படித்தான் எல்லோரும் சொன்னார்கள்.

தொண்ணூற்று நாலாம் ஆண்டுக் குளிர்காலம். வேலை முடிந்து ஸ்டேஷனில் இறங்கி நடந்து வரும் எங்கள் பெண்களை யாரோ பின்தொடர்வதாகப் பேச்சு. ஒருத்தியின் கைப்பையையும் பறித்துவிட்டார்களாம்.

எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் வரதராஜா சும்மா இருக்கவில்லை. வேலைக்குப் போகிற பெண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு அலாரம் தன் செலவில் வாங்கினார். தீப்பெட்டி அளவுதான். கயிற்றை இழுத்தால் வீரிட்டுக் கத்தும்.

ஞாயிறு பின்னேரம் அவர் வீட்டு ஹோலில் பெண்கள் கூடினார்கள். ஒன்றை இழுத்துக் காட்டினார். தெருவில் உள்ள வீட்டு நாய்களெல்லாம் குரைத்தன.

"இதை எங்க வைக்கிறதெண்டதுதான் விஷயம்," என்றார்.

கைப்பைக்குள் என்றாள் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் யோகா. பையைத்தானே முதலில் பறிப்பான் என்றார் அவர். கோட்டுப் பொக்கற்றுக்குள்? ரெயிலில் புழுங்குகிறதென்று கோட்டைக் கழற்றி மடியில் வைத்தால் என்ன செய்வது?

"கொண்டைக்குள்ள செருகலாம்," என்றாள் பக்கத்து வீட்டு இரஞ்சிதம். "ஆனால் கொண்டை போடுற அளவுக்கு இஞ்ச ஆரிட்டத் தலைமயிர் இருக்கு?"

சிரிப்பு அடங்கியதும் அவர் சொன்னார்: "உடம்போட இருக்கோணும். கைக்கு எட்டோணும். பாக்கிறவனுக்குத் தெரியக்கூடாது."

அவர் மனைவி கமலினி மறுபடியும் தேத்தண்ணீர்த் தட்டோடு வந்தாள். அந்த வீட்டுக்குப் போனால் லேசில் எழும்ப முடியாது. இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு துண்டு கேக் என்று பிடித்து வைத்துக்கொள்வாள். யோகா மணிக்கூட்டைப் பார்த்துப் பெருமூச்சுவிட்டாள்.

தட்டை வைத்தபடி கமலினி கேட்டாள்: "வீட்டில ஹவுஸ்கோட் போட்டிருந்தால் எங்க வைக்கிறது?"

ஹோல் முழுக்கச் சிரித்தது.

"வீட்டுக்குள்ள இருக்கிற உங்களுக்கு என்னத்துக்கக்கா?" என்றாள் யோகா.

வரதராஜாவும் சிரித்தார். கள்ளன் வந்தாலும் இவ தேத்தண்ணி குடுத்துத்தான் அனுப்புவா என்றார். கமலினியும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வெறுங்கோப்பைகளைப் பொறுக்கினாள்.

அலாரப் பெட்டி இருந்த மேசையருகே கொஞ்சம் கூடுதலாக நின்றாள். கை சேலைத் தலைப்புக்குள் போய் வந்தது. கண்டது இரஞ்சிதம் ஒருத்திதான். அவள் கண்டால் பக்கத்திலுள்ள ரோவில் ஊர் வரைக்கும் கதை போகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கமலினி கோப்பைகளைக் கழுவக் குசினிக்குள் போனாள். பங்கிட்டபோது ஒன்று குறைந்தது. யோகாவுக்கு இல்லை.

"அளவாத்தானே வாங்கினனான்," என்றார் வரதராஜா. முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் குசினிப் பக்கம் போனது. "கமலினி, இஞ்ச ஒருக்கா வாரும்."

அவள் வாசலில் வந்து நின்றாள். காய்ந்த கைகளைத் திரும்பவும் துடைத்தாள்.

"அவவை ஏன் கூப்பிடுறியள்?" இரஞ்சிதம் கைப்பையைத் திறந்தாள். "நான்தான் ரெண்டு எடுத்தனான். ஒண்டு பழுதாப் போனால் எண்டு."

உள்ளே கிடந்த ஒரேயொன்றை எடுத்து யோகாவின் கையில் வைத்தாள்.

பிறகு யாரோ, சும்மா கிடைச்சால் இவ பொலிடோல் பூச்சிமருந்தையும் குடிப்பா என்று, கேட்கும்படியாகவே முணுமுணுத்தார்கள். இரஞ்சிதம் அதற்கும் சிரித்தாள். பரவாயில்லை, விடுங்கோ என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, வரதராஜா எல்லோரையும் கார் வரைக்கும் கொண்டுபோய் விடப் போனார்.

இரஞ்சிதம் தன் கோப்பையோடு குசினிக்குள் வந்தாள். கமலினி கையை நெஞ்சில் வைத்தபடி நின்றாள்.

"சட்டைக்குள்ள சும்மா வையாதேயும். இழுபறியில விழுந்திடும்."

கமலினியின் தாலிக்கொடியில் எப்போதும் சட்டை ஊசியொன்று தொங்கும். இரஞ்சிதம் அதைத் திறந்து, அலாரத்தைக் கொழுவிப் பூட்டி, கொடியோடு சட்டைக்குள் இறக்கிவிட்டாள்.

"இனி ஹவுஸ்கோட்டுக்குள்ளயும் கிடக்கும்."

"சத்தம் உங்கட வீட்டுக்குக் கேக்குமோ?"

"குசினி யன்னலைத் திறந்து விடுறன்."

"இந்தக் குளிருக்கோ?"

இரஞ்சிதம் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். வெளியே கடைசிக் காரும் போனது.

"இரஞ்சிதமக்கா இன்னும் போகேல்லையோ?" ஹோலிலிருந்து வரதராஜாவின் குரல் கேட்டது.

கமலினி அவள் முழங்கையைப் பிடித்தாள். "இன்னொரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்." பிறகு மெல்ல, "உங்களிட்ட இப்ப ஒண்டும் இல்லையே. தனிய இருக்கிறியள்," என்றாள்.

"தனிய இருக்கிற எனக்கு என்னத்துக்கு, பிள்ளை?"

முழங்கையை விடுவித்துக்கொண்டு பின்கதவால் இறங்கி, விளக்கில்லாத தன் வீட்டைப் பார்த்து இரஞ்சிதம் நடந்தாள்.